“வாய்ஸ் யாருக்கு?” என்று கேட்கும் செய்தி ஆசிரியர்களுக்கு

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே உங்கள் திரையில் அந்தக் கேள்வி ஓடத் தொடங்கிவிடும்: அவர் வாய்ஸ் யாருக்கு? அதாவது, அந்த நடிகரின் ஆதரவு எந்தக் கட்சிக்கு? நடிகர் விமான நிலையத்தில் கையசைத்தால் அதற்கு ஓர் அர்த்தம், அசைக்காமல் காரில் ஏறினால் இரண்டு அர்த்தம். இரவு விவாதத்தில் நாலு பேர் உட்கார்ந்து அதைத் தொகுதி வாரியாக ஓட்டாக மாற்றிக் கொடுப்பார்கள். சினிமாவை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டு அரசியலைப் பேச முடியாது, அது எனக்கும் தெரியும். பேசுங்கள். ஆனால் ஒரு நடிகர் வாய் திறந்தால் ஓட்டு திரும்பிவிடும் என்பதைத் தீர்ந்துபோன விஷயம் போலச் சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வழக்கு.

முதலில் ஒன்று. தானே கட்சி தொடங்கித் தேர்தலில் நிற்கும் நடிகர்களின் கணக்கு வேறு. அடுத்தவருக்காக ஓட்டுக் கேட்பவர்களைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

உங்கள் விவாதங்களில் 1996 கட்டாயம் வந்துவிடும். ஜெயலலிதா மறுபடி ஆட்சிக்கு வந்தால் ஆண்டவனாலும் தமிழ்நாட்டைக் காப்பாற்ற முடியாது என்று ரஜினிகாந்த் சொன்னார், அ.தி.மு.க. நான்கு இடங்களுக்குச் சுருங்கியது, முதலமைச்சரே பர்கூரில் தோற்றார். கதை அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அதற்கு முந்தைய செப்டம்பரில் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரத்தை ஊரே பார்த்துக் கொதித்திருந்தது. அ.தி.மு.க.வோடு கூட்டணி என்று நரசிம்ம ராவ் முடிவெடுத்ததும் மூப்பனார் காங்கிரஸை உடைத்துக்கொண்டு வெளியே வந்து தி.மு.க.வோடு சேர்ந்திருந்தார். ரஜினி பேசியிருக்காவிட்டாலும் அந்த ஆட்சி போயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்படியானால் அவர் பேச்சால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது, ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் அல்ல. வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களே இருந்தபோது பிறந்த கட்சி மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.). அதன் சைக்கிள் சின்னத்தை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோயாக வேண்டும். ‘அண்ணாமலை’ படத்தில் ரஜினி சைக்கிளோடு இருக்கும் படம் சுவரெங்கும் ஏறியது. ஆட்சியை மாற்றுவது என்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்தவருக்கு எந்தச் சின்னத்தில் குத்த வேண்டும் என்பதை அது காட்டிக் கொடுத்தது. சின்ன உதவி இல்லை அது. ஆனால் மனதை மாற்றுவது வேறு, மாறிய மனதுக்கு வழி சொல்வது வேறு.

இதே ரஜினி இதே கூட்டணியை 1998 நாடாளுமன்றத் தேர்தலிலும் ஆதரித்தார். பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்தன. அ.தி.மு.க. அணி 39 இல் 30 இடங்களை அள்ளியது. இரண்டே வருடத்தில் அந்த வாய்ஸ் எங்கே போனது? இந்தக் கேள்வியை உங்கள் திரையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

2004 இன்னும் சுத்தமான சோதனை. ‘பாபா’ படத்தை ஒட்டி பா.ம.க.வோடு ஏற்பட்ட பகை முற்றி, அந்தக் கட்சி நிற்கும் ஆறு தொகுதிகளில் தன் ரசிகர்கள் அதை எதிர்த்து வேலை செய்வார்கள் என்று ரஜினி வெளிப்படையாகவே அறிவித்தார். தன் ஓட்டு பா.ஜ.க.வுக்கு என்றும் சொன்னார். இந்த முறை ஜாடை, மறைபொருள் எதுவும் கிடையாது. சிதம்பரம், தர்மபுரி, செங்கல்பட்டு, அரக்கோணம், திண்டிவனம், புதுச்சேரி. ஆறிலும் பா.ம.க. ஜெயித்தது. அ.தி.மு.க.–பா.ஜ.க. அணிக்குத் தமிழ்நாட்டில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தி.மு.க., காங்கிரஸ், பா.ம.க., ம.தி.மு.க., இடதுசாரிகள் எல்லாம் ஒரே பக்கம் நின்ற தேர்தல் அது. ஓட்டைக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களுக்கு முடிவு முன்பே தெரிந்திருக்கும்.

அப்புறம் 2011. வடிவேலு தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்தார், விஜயகாந்தைப் போட்டுத் தாளித்தார். போன இடமெல்லாம் கூட்டம். உங்கள் கேமராக்களும் விடாமல் காட்டின. கூட்டம் வந்தது சிரிக்க. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனால் கரண்ட் இல்லை. தி.மு.க.வுக்கு 23 இடங்கள், விஜயகாந்தின் தே.மு.தி.க.வுக்கு 29. அவர் எதிர்க்கட்சித் தலைவரே ஆகிவிட்டார். வடிவேலுவோ அதன்பின் பல வருடம் படமில்லாமல் இருந்தார். வாய்ஸ் கொடுத்ததால் நிச்சயமாக ஏதோ ஒன்று மாறியது என்றால், அது அவருடைய பிழைப்புதான்.

1967 ஐ இழுப்பவர்களும் உண்டு. குண்டடிபட்டுக் கழுத்தில் கட்டோடு இருந்த எம்.ஜி.ஆர். படம் தேர்தலையே திருப்பியது என்பார்கள். அவர் வெளியிலிருந்து வாய்ஸ் கொடுத்தவர் அல்ல. 1953 முதல் தி.மு.க.காரர், பரங்கிமலையில் அவரே வேட்பாளர். அரிசித் தட்டுப்பாட்டையும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையும் மறந்துவிட்டு அந்தச் சுவரொட்டியை மட்டும் பார்ப்பது நியாயமில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸை ஆதரித்துப் பதிவு போட்டார். அவர் கொடுத்த இணைப்பின் வழியாக ஒரே நாளில் நான்கு லட்சம் பேர் வாக்காளர் பதிவுத் தளத்துக்குள் போனார்கள். நவம்பரில் ஜெயித்தது டிரம்ப். மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன்: 2008 இல் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தபோது, தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் ஆதரவால் ஒபாமாவுக்குச் சுமார் பத்து லட்சம் ஓட்டு கூடியது என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அது ஒரே கட்சிக்குள், கொள்கையில் பெரிய வேறுபாடில்லாத இருவருக்கு இடையே நடந்த போட்டி, அதிலும் ஒருவர் நாட்டுக்குப் புதுமுகம். அப்படிப்பட்ட இடத்தில் பிரபலத்தின் சொல் எடுபடும். தாத்தா காலத்திலிருந்து இரட்டை இலையோ உதயசூரியனோ என்று இருக்கும் வீட்டில், பிள்ளையின் அறையில் யார் படம் ஒட்டியிருக்கிறது என்பது பெரிதாக ஒன்றும் செய்யாது. முதல் நாள் முதல் காட்சிக்கு விசில் அடித்தவன் ஓட்டுச்சாவடியில் அப்பா கட்சிக்கே போட்டுவிட்டு வருவான். அதில் அவனுக்கு முரண்பாடு எதுவும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

பிறகு ஏன் கட்சிகள் நடிகர் வீட்டு வாசலில் நிற்கின்றன? என் ஊகம் இது: வாய்ஸ் வாக்காளருக்காகக் கேட்கப்படுவதே இல்லை. சோர்ந்துபோன தொண்டனுக்குத் தெம்பு கொடுக்கவும், கூட்டணி பேரத்தில் ஓர் இடம் கூட்டிக் கேட்கவும், முக்கியமாக உங்கள் திரையில் இரண்டு நாள் இலவசமாக இருக்கவும்தான். மூன்றாவதைக் கொடுப்பது நீங்கள்.

பேசுவதற்கு உருப்படியான விஷயங்கள் இதிலேயே இருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட ஒரு கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்கள் வரை தேர்தல் ஆணையத்திடம் பட்டியல் கொடுக்கலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77 ஆம் பிரிவுப்படி அவர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது. சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம்தான் உச்சவரம்பு என்று 2022 இல் வைத்துவிட்டு, நட்சத்திரப் பேச்சாளர் வந்திறங்கும் ஹெலிகாப்டருக்கு வரம்பே இல்லை. நடிகரோடு வேட்பாளரும் மேடையேறினால் கூட்டச் செலவில் பங்கு அவர் கணக்கில் வர வேண்டும். வந்ததா என்று ஒரு தொகுதியில் போய்ப் பாருங்களேன். அந்த நடிகரின் அடுத்த படத்தின் ஒளிபரப்பு உரிமை உங்கள் குழுமத்திடமே இருந்தால், விவாதத்துக்கு முன் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். உங்களில் சிலருக்குப் பின்னால் எந்தக் கட்சி என்பதை நாங்களே தெரிந்து வைத்திருக்கிறோம், அதனால் அதைக் கேட்கவில்லை.

நடிகர் ஆதரவு அறிவித்தால் மைக்கை நீட்டி “ஏன்?” என்று கேளுங்கள். அந்த வேட்பாளர் ஐந்து வருடம் என்ன செய்தார் என்பது அவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். தெரிந்தால் நல்லது, அதையே ஒளிபரப்புங்கள். டிரோனில் எடுத்த கூட்டத்தைக் காட்டினால் பக்கத்திலேயே 1998, 2004, 2011 முடிவுகளையும் போடுங்கள். விவாதத்துக்கு நாலாவது ஆளாக இன்னொரு சினிமா விமர்சகரை அழைப்பதற்குப் பதில், 2004 இல் அரக்கோணத்திலோ தர்மபுரியிலோ ரசிகர் மன்ற அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பா.ம.க.வின் மாம்பழச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்ட ஒருவரைத் தேடிப் பிடித்து உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
தினமும் உங்கள் எட்டு மணி விவாதத்தைப் பார்க்கும் ஒரு நேயர்