பாதி மூடியதோடு நின்ற பள்ளத்தை மீண்டும் அளந்து மூடித்தரக் கோரும் மனு

பெறுநர்: உதவிப் பொறியாளர் அவர்கள்

பொருள்: பள்ளிக்குப் போகும் வழியிலுள்ள பள்ளம் – மண் அளவு தவறு – மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அந்தப் பள்ளத்தைத் தாங்களே வந்து பார்த்திருக்கிறீர்கள், இடத்தை விளக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மனுக்களுக்குப் பதில் இல்லாததால் இம்முறை கணக்கோடு வந்திருக்கிறோம்.

1. பள்ளத்தின் மேல்வாய் 60க்கு 40 அடி. அடித்தளம் 40க்கு 20. ஆழம் 6 அடி.

2. பள்ளத்தை மூடும் மண்ணுக்கான மதிப்பீட்டில் அடித்தளத்தை மட்டும் எடுத்து 4,800 கன அடி, அதாவது 48 யூனிட் என்று போட்டிருக்கிறார்கள். கரை சரிந்த பள்ளம் பெட்டி மாதிரி இருக்காதே ஐயா! நடு ஆழத்தில் அது 50க்கு 30. மேற்பரப்பு 2,400, நடுப்பரப்பு 1,500இன் நான்கு மடங்கு 6,000, அடிப்பரப்பு 800. மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்து, ஆழத்தால் பெருக்கினால் 9,200 கன அடி. 92 யூனிட். (கொத்தனார் வேலை பார்த்தவன் நான், இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.)

3. அதுவும் இறுகிய மண்ணின் கணக்கு. லாரியில் வருவது உதிரி மண். நூறு கன அடி கெட்டித்து எண்பது தேறும் என்று வைத்தால் 115 யூனிட் வேண்டும். கொட்டியது 48.

4. முன்பு அது ஆறடி என்று பிள்ளைகளுக்குத் தெரியும், ஒதுங்கிப் போவார்கள். இப்போது பார்த்தால் ஆழமே தெரிவதில்லை. தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காக இடித்து இறுக்காமல் கொட்டிய மண் முதல் மழையிலேயே இறங்கிவிட்டது. மேலே தண்ணீர், கீழே சேறு. போன வாரம் மிதந்த செருப்பை எடுக்க இறங்கிய பையன் இடுப்புவரை புதைந்துவிட்டான். அவனை இழுத்துப்போட இரண்டு பேர் வேண்டியிருந்தது. இரவெல்லாம் தூக்கத்தில் அலறினானாம். அந்த வழியே போகமாட்டேன் என்கிறான், வேறு வழியும் இல்லை. அவன் அம்மா தினமும் பள்ளிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார். எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு வருவார்?

5. கேட்டால், "கோப்பில் பள்ளம் மூடியாகிவிட்டது" என்கிறார்கள். காகிதத்தில் மூடிய பள்ளத்தில்தானா ஐயா அந்தப் பையன் புதைந்தான்?

6. இன்னும் 67 யூனிட் உதிரி மண் வேண்டும். எங்கள் கணக்கை நம்ப வேண்டாம், நீங்களே அளந்து பாருங்கள். தயவுசெய்து அளந்து பாருங்கள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறோம். அதுவரை சுற்றிலும் ஒரு கயிறாவது கட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்தை ஒட்டிய தெருவில் குடியிருப்போர்