லேப் மேனுவலில் ஒரு பதிப்பு எண்: பாடத்திட்டக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன செமஸ்டர் பிளாக்செயின் செய்முறைத் தேர்வில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மேனுவலில் உள்ளபடி அடித்த நிரல் ஓடவில்லை என்று எங்கள் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது, நீங்களும் பதில் போட்டீர்கள்: ‘அடுத்த ரெகுலேஷனில் பரிசீலிக்கப்படும்.’ அந்த ஒற்றை வரியைப் படித்த பிறகுதான் இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

கேட்பது பெரிய காரியம் இல்லை. மேனுவலில் உள்ள ஒவ்வொரு இம்போர்ட் வரியிலும், அதாவது ஆயத்த நிரலை வெளியிலிருந்து இழுத்துவரும் வரியிலும், பதிப்பு எண்ணைப் போடுங்கள். அப்புறம், அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்குள் நிரல்களை, அந்த ஆயத்த நிரல் தொகுப்பான ஓப்பன்செப்பலின் ஐந்தாம் பதிப்புக்கு மாற்றிக் கொடுங்கள்.

உங்கள் மேனுவல் நான்காம் பதிப்பை வைத்து எழுதியது. ஆனால் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. பிரவுசரில் நிரல் எழுதி ஓட்டும் ரீமிக்ஸில் எண் இல்லாமல் இம்போர்ட் செய்தால், இருப்பதிலேயே புதியதைத்தான் அது இழுத்துக்கொண்டு வரும். 2023 அக்டோபரில் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதிலிருந்து, மேனுவலில் உள்ளதை ஒரு புள்ளி பிசகாமல் அடித்தாலும் பாதி நிரல்கள் ஓடுவதில்லை.

தேர்வன்று வந்தது டோக்கன் கேள்வி. டோக்கனுக்கான இ.ஆர்.சி. 20, கூடவே உரிமையாளரைக் குறித்துவைக்கும் ஓனபிள். முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார், மேனுவலில் உள்ளதை அப்படியே அடித்தாள். ஐந்தாம் பதிப்பில் ஓனபிளுக்கு முதல் உரிமையாளர் யார் என்று, கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் ஏற்றும் நிரல், ஏறும்போது ஒரே முறை ஓடும் கன்ஸ்ட்ரக்டரிலேயே சொல்லியாக வேண்டும். மேனுவலில் அது கிடையாது. கம்பைலர் சிவப்பில் சொன்னது: ஆர்க்யுமென்ட் (உள்ளீட்டு மதிப்பு) கொடு, இல்லையென்றால் கான்ட்ராக்டை அப்ஸ்ட்ராக்ட் என்று குறி. என்ன ஆர்க்யுமென்ட் என்று மேனுவலில் இல்லாததால் இரண்டாவது வழியை எடுத்தாள். பச்சை டிக் வந்துவிட்டது. பிளாக்செயினில் ஏற்றும் டிப்ளாய் பட்டனை அழுத்தினால் ஒன்றும் ஏறவில்லை. அப்ஸ்ட்ராக்ட் என்றால் முழுமை பெறாத கான்ட்ராக்ட், அதை டிப்ளாய் செய்ய முடியாது என்பது பாடத்தில் படித்ததுதான். ஆனால் கடிகாரம் ஓடும்போது அது யாருக்கு ஞாபகம் வரும்?

‘சார், பச்சை டிக் வந்துட்டுல்லா, பின்ன ஏன் ஏறமாட்டேங்கு?’ என்று கேட்டாள். தேர்வு அறையில் நான் வாய் திறக்கக் கூடாது.

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து மேனுவலைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தார். அவுட்புட் இல்லை, அந்த மார்க் போயிற்று. மேனுவலில் இல்லாத ஒரு சொல் நிரலில் இருந்ததால் புரொசீஜர் மார்க்கிலும் கை வைத்தார். அடுத்த கணினியில் இருந்த பையன் அதே நிரலை அடித்து, சிவப்புப் பிழையோடு அப்படியே விட்டுவிட்டான். மேனுவலோடு அச்சாகப் பொருந்தியதால் அவனுக்குப் புரொசீஜர் மார்க் முழுசாகக் கிடைத்தது. பிழையைப் படித்து ஏதாவது செய்து பார்த்த பிள்ளைக்குக் குறைவு, செய்யாதவனுக்கு அதிகம். எக்ஸ்டர்னலைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலும் இருந்தது அதே மேனுவல்தான்.

மற்றவற்றை விரித்தால் நீளும். எண்ணிக்கை வைக்கும் கவுண்டர்ஸ், கணக்கு எல்லை மீறாமல் காக்கும் சேஃப்மேத் இரண்டு கோப்புகளும் ஐந்தாம் பதிப்பில் இல்லை. கூட்டல் கழித்தல் எல்லை மீறினால் தானே நிறுத்திவிடும் வசதி இந்த நிரல்களின் மொழியான சாலிடிட்டியில், 2020 டிசம்பரில் வந்த 0.8-லேயே இருக்கிறது. வைவாவில் மட்டும் இன்னும் ‘சேஃப்மேத் ஏன் தேவை?’ என்று கேட்கிறார்கள். டோக்கன் கைமாறும்போது ஓடும் ‘பிஃபோர் டோக்கன் டிரான்ஸ்ஃபர்’ ஃபங்ஷன் போய் ‘அப்டேட்’ வந்துவிட்டது. இருப்பு போதாவிட்டால் முன்பு ஆங்கில வாக்கியம் வந்த இடத்தில் இப்போது கஸ்டம் எரர், அதாவது பெயர் வைத்த பிழைக் குறி, வருகிறது. அதனால் ரெக்கார்டு நோட்டில் ஒட்டச் சொல்லும் அவுட்புட் யாருக்கும் வராது. டிப்ளாய் செய்யச் சொல்லியிருக்கும் ரிங்கபி சோதனை நெட்வொர்க் 2023-லேயே மூடப்பட்டது. கான்ட்ராக்டை எழுதிச் சோதிக்கும் கருவிகளான ட்ரஃபிளும் கனாஷும் கைவிடப்படுவதாக அதே ஆண்டு செப்டம்பரில் அறிவிப்பு வந்தது.

திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டிய வருஷங்களில்கூட, எந்த பஸ் எங்கே நிற்கும் என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இங்கே விசாரிக்க டீக்கடையும் இல்லை.

ஆனால் ஆய்வகத் திறப்பு விழாவுக்குக் குறை வைக்கவில்லை. ஃபிளெக்ஸ் வைத்தோம், ரிப்பன் வெட்டினோம், ‘எமெர்ஜிங் டெக்னாலஜி’ என்று போட்டோவும் எடுத்தோம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் நாற்காலியை எண்ணினார்கள், ஏ.சி. ஓடுகிறதா என்று பார்த்தார்கள். ஒரு நிரலையாவது ஓட்டிக் காட்டச் சொன்னால் அன்றைக்கே எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். இங்கே எமெர்ஜ் ஆனது பில் மட்டும்தான். மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறேன்.

பதிப்பு எண்ணைப் போடுவது இன்றைக்கே முடிகிற வேலை. இம்போர்ட் பாதையில் ‘கான்ட்ராக்ட்ஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு அட் குறியும் 4.9.6 என்ற எண்ணும் சேர்த்தால், மேனுவலில் உள்ள டோக்கன் நிரல்கள் ரீமிக்ஸில் பழையபடி ஓடும். ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.

அதோடு நின்றுவிடவும் கூடாது. மேனுவலின் கடைசிப் பயிற்சி பிராக்ஸி கான்ட்ராக்டை அப்கிரேடு செய்வது, அதாவது முகவரியும் தரவும் பிராக்ஸியில் அப்படியே இருக்க, அடியில் உள்ள நிரலை மட்டும் மாற்றுவது. நான்காம் பதிப்பில் ஏற்றிய பிராக்ஸிக்கு அடியில் ஐந்தாம் பதிப்பு நிரலை மாட்டினால் என்ன ஆகும்? ஐந்தாவதில் ஸ்டோரேஜில் மதிப்புகளை வைக்கும் இடமே வேறு. உரிமையாளர் முகவரியைக் கேட்டால் எல்லாம் சைபராக வரும், டோக்கன் இருப்பும் சைபர் காட்டும். ‘ஏற்கெனவே இனிஷியலைஸ் ஆகிவிட்டது’ என்ற குறிப்பும் பழைய இடத்திலேயே தங்கிவிடுவதால், தொடக்க மதிப்புகளை வைக்கும் இனிஷியலைஸ் ஃபங்ஷனை முதலில் கூப்பிடுகிறவர் உரிமையாளர் ஆகிவிடலாம். இந்த இரண்டு பதிப்புகளையும் இப்படி மாற்றி மாட்டக் கூடாது என்று ஓப்பன்செப்பலின் ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். நாளைக்குக் கங்கைகொண்டானிலோ பெங்களூரிலோ வேலைக்குச் சேர்ந்து, அடுத்தவர் பணம் இருக்கிற கான்ட்ராக்டில் கை வைக்கப் போகிற பிள்ளைகள் இவர்கள். இதை ஆய்வகத்தில் பார்க்காமல் வேறெங்கே பார்ப்பது?

எல்லாப் பயிற்சிகளையும் ஐந்தாம் பதிப்புக்கு மாற்றி, ஓட்டிப் பார்த்து, கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறோம். அதைத் திறந்து பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். திருத்த வேண்டியது இருந்தால் சொல்லுங்கள், திருத்தித் தருகிறோம். எங்கள் பெயர்கூட அதில் வர வேண்டாம்.

அரியர் எழுதும் பிள்ளைகளுக்கு அடுத்த தேர்வு வருகிறது. அதற்கு முன் அந்தப் பதிப்பு எண்ணை மட்டுமாவது போட்டுவிடுங்கள். எக்ஸ்டர்னல்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வக ஆசிரியர்,
கணினி அறிவியல் துறை,
திருநெல்வேலி