மிஷின் வாங்கும் முன்: இரும்பு வெட்டப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இரும்பு வெட்டும் பட்டறைக்கு என்ன மிஷின் வாங்கலாம் என்று கேட்டு நீ எழுதிய கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் கேட்டிருந்ததற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழைய எண்ணெய் டிரம் ஒன்றை இரண்டாக வெட்டித் தரும்படி ஒருவர் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். வெட்டாதே. காலி டிரம்தானே, கழுவியும் விட்டோமே என்று தோன்றும். டிரம்மின் மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்ச எண்ணெய் போதும். கிரைண்டரோ கேஸ் கட்டரோ பட்டால், அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து வெடித்துவிடும். காலி டிரம்மில் அப்படிக் கலப்பதற்கு இடமும் காற்றும் தாராளமாக இருக்கின்றன. முடியாது என்று சொல்லிவிடு. அவர் கோபித்துக்கொண்டு போனாலும் போகட்டும்.

சரி, இப்போது மிஷினுக்கு வருகிறேன். நீ அனுப்பிய சி.என்.சி. பிளாஸ்மா மிஷினின் விவரங்களை, அதாவது மின்சாரத்தால் கடுமையாகச் சூடேறிய காற்றைப் பீய்ச்சி, கம்ப்யூட்டர் சொல்கிறபடி தகட்டை வெட்டும் அந்த மிஷினின் விவரங்களை, இரண்டு தடவை படித்தேன். நல்ல மிஷின்தான். ஆனாலும் கடன் வாங்கி அதை இப்போதே வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். உன்னைத் தேடி எந்த வேலை வரப்போகிறது என்று உனக்கு இன்னும் தெரியாது. ராடும் பைப்பும் ஆங்கிளும் நீளத்துக்கு வெட்டும் வேலையே வந்துகொண்டிருந்தால் பிளாஸ்மா மேசை சும்மா கிடக்கும். மெல்லிய ஷீட்டில் நுணுக்கமான துளைகள் வேண்டுமென்றால், அது லேசர் வைத்திருப்பவரிடம் போய்விடும். தடித்த எம்.எஸ். பிளேட்டுக்கு, அதாவது சாதாரண இரும்புத் தகட்டுக்கு, கேஸ் கட்டிங்கே போதும்.

கேஸ் கட்டிங்கில் எஸ்.எஸ். என்கிற துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் ஏன் வெட்ட வராது என்று கேட்டிருந்தாய். கேஸ் கட்டிங்கில் இரும்பு உண்மையில் எரிகிறது. நன்றாகச் சூடேறிய இரும்பின் மேல் ஆக்சிஜன் பாய்ந்ததும் அது எரிந்து ஆக்சைடாகிறது. அந்த ஆக்சைடு இரும்பைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகுவதால் கசடாகக் கீழே ஓடி, அடுத்த இரும்புக்கு வழிவிடுகிறது. அலுமினியத்தில் இது தலைகீழ். உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும், மேலே படிந்திருக்கும் ஆக்சைடு உருகுவதற்கோ 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். எஸ்.எஸ்.ஸில் குரோமியத்தின் ஆக்சைடு அதே மாதிரி மறித்துக்கொள்ளும். இந்த இரண்டும் அடிக்கடி வர ஆரம்பித்தால்தான் உனக்கு பிளாஸ்மா வேண்டும்.

முதலில் ஒரு பேண்ட்சா வாங்கு, வளையமாகச் சுற்றி ஓடும் பட்டைப் பிளேடால் அறுக்கும் மிஷின் அது. பழையதாக இருந்தாலும் சரி, வெட்டு நேராக இறங்கினால் போதும். வாங்கும் முன் ஒரு துண்டு வெட்டச் சொல்லி, மூலைமட்டம் வைத்துப் பார். அப்புறம் பிளேடு. தடித்த ராடுக்குப் பெரிய பல், மெல்லிய டியூபுக்குச் சின்னப் பல். எப்போதும் குறைந்தது 3 பல்லாவது இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் உடையும். புதுப் பிளேடு மாட்டியதும் வழக்கமான அழுத்தம் கொடுக்காதே. கொஞ்ச நேரம் பாதி அழுத்தத்தில் ஓடவிட்டு, பிறகு மெதுவாக ஏற்று. பிளேடு எப்படி வெட்டுகிறது என்பதைக் கீழே விழும் துகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். பளபளப்பாகச் சுருண்டு விழுந்தால் சரியாக வெட்டுகிறது. பவுடராக உதிர்ந்தால் அழுத்தம் போதவில்லை. நீலம் பாய்ந்து சூடாக விழுந்தால் அழுத்தம் அதிகம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எத்தனையோ பிளேடுகளை வீணாக்கிய பிறகுதான் புரிந்தது.

என் முதல் பெரிய ஆர்டர் பற்றி உன்னிடம் சொன்னதே இல்லை. ராடில் 300 மி.மீ. துண்டுகள், மொத்தம் 200. ஒரு ராடு 6 மீட்டர். 6000-ஐ 300-ஆல் வகுத்தேன், 20 வந்தது. 10 ராடு வாங்கினேன். அப்போது என்னிடம் இருந்தது 3 மி.மீ. கட்டிங் வீல் மாட்டிய மிஷின். ஒவ்வொரு வெட்டிலும் அந்த 3 மி.மீ. தூளாகப் போகும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒரு துண்டுக்கு உண்மையில் 303 மி.மீ. செலவாகியது. 19 துண்டு வெட்டி முடித்தபோது ராடில் மிச்சம் 243 மி.மீ.தான். 10 ராடிலும் அதே கதை. 200 கேட்டவருக்கு 190 துண்டும், யாருக்கும் உதவாத 10 குட்டைத் துண்டுகளும் என் முன்னால் கிடந்தன. பதினோராவது ராடை என் கைக்காசில் வாங்கிக் கொடுத்தேன். அந்த ஆர்டரில் எனக்கு எதுவும் மிஞ்சவில்லை.

அதனால் விலை சொல்லும் முன்னால் பிளேடு தின்னும் அளவைக் கூட்டிக்கொள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று: மிச்சத் துண்டு யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடு. வாடிக்கையாளரே இரும்பு கொண்டுவந்து வெட்டக் கொடுத்தால் உனக்கு முதலீடு குறைவு, ஆரம்பத்தில் அது பெரிய உதவி. ஆனால் சண்டை வருவதும் அங்கேதான். வந்த ராடுகளை எண்ணி, நீளம் அளந்து, அவர் கண்முன்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கு.

எடைக் கணக்கு உனக்கு விரல்நுனியில் இருக்க வேண்டும். உருண்டை ராடுக்கு, விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 50 மி.மீ. ராடு என்றால் 2500-ஐ 162-ஆல் வகுக்க வேண்டும், மீட்டருக்கு 15.43 கிலோ. ஷீட்டுக்கு, ஒரு சதுர மீட்டர் 1 மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. உன்னைப் பார்த்து, இந்தச் சின்னப் பையனிடம் வேலையைக் கொடுப்பதா என்று யோசிப்பவர் முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டு, அவர் முகம் மாறும். முதல் துண்டை வெட்டியதும் வெர்னியரால் அளந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே மிச்சத்தை வெட்டு. என் வயது அப்போது 20. என்னை நம்ப வைத்தது அந்த முதல் துண்டுதான்.

அதே கணக்கு இன்னொன்றும் சொல்லும். 50 மி.மீ.யில் 6 மீட்டர் ராடு 92 கிலோவுக்கு மேல். உன்னால் தனியாகத் தூக்க முடியாது. ரோலர் ஸ்டாண்டுக்கும் ஒரு ஆளுக்கும் செலவு இருக்கிறது. வெட்டும் நேரத்தை மட்டும் வைத்து விலை சொல்லாதே. ராடை ஏற்றி வைப்பது, ஸ்டாப்பர் அமைப்பது, பிசிறு தேய்ப்பது, எண்ணிக் கட்டுவது எல்லாம் சேர்ந்தால், பல வேலைகளில் அதுதான் வெட்டுகிற நேரத்தைவிட அதிகம். ஒரு நோட்டுப் போடு. ஒவ்வொரு ஜாபுக்கும் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், மிஷின் உண்மையில் ஓடிய நேரம் மூன்றையும் எழுது. இரண்டு மாதத்தில் அந்த நோட்டு உனக்கு எந்த மிஷின் வேண்டும் என்று சொல்லிவிடும்.

உடம்பு விஷயத்தில் நான் கெஞ்சியே கேட்கிறேன். ஆக்சிஜன் ரெகுலேட்டர் பக்கம் எண்ணெய்க் கையோடு போகாதே, கிரீஸ் வைக்காதே, தீப்பிடிக்கும். ஜி.ஐ. என்கிற துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பைச் சூட்டில் வெட்டினால் வரும் வெள்ளைப் புகை துத்தநாகப் புகை, அதை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பை உலுக்கும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், அதற்கான மாஸ்க் போட்டு வெட்டு. கிரைண்டரில் மாட்டும் வீலில் போட்டிருக்கும் ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கான சுற்று, கிரைண்டரின் ஆர்.பி.எம்.முக்குக் குறையக் கூடாது. வீலை மறைக்கும் பாதுகாப்புக் கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்களை நீ நிறையப் பார்ப்பாய். அவர்களிடம் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதில் மட்டும் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே. பொறி 10 மீட்டர் தாண்டியும் போய் விழும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து, எங்காவது புகைகிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டு.

பிளாஸ்மாவை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. நோட்டில் எஸ்.எஸ்., அலுமினிய பிளேட் வேலை நிறைய வந்து, அதை நீ வெளியே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால், அப்போது வாங்கு. அந்த நேரம் வந்தால் கம்ப்ரஸரையும் காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையரையும் விலையோடு சேர்த்துப் பார். ஈரக் காற்று நாசிலைச் சீக்கிரமே தின்றுவிடும். டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்று போட்டிருந்தால், 10 நிமிடத்தில் 6 நிமிடம்தான் வெட்டலாம், மிச்ச 4 நிமிடம் அது ஆற வேண்டும். நீ அனுப்பிய விவரத்தில் அந்த எண்ணே இல்லை. விற்பவரிடம் கேட்டு எனக்கு எழுது.

பேண்ட்சா பார்க்கப் போகும் நாளைச் சொல். மூலைமட்டத்தையும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்