நிறுத்தப்பட்ட உதிரிபாகங்களின் வரைபடங்களை வெளியிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் கட்டுரைகளை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். அவை பெரும்பாலும் கைபேசி, கணினி, புதிய கார் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் கடந்த பிறகும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய தோட்ட டிராக்டர்களைப் பராமரிப்போரின் சிக்கல் சற்று வேறானது என்பதால், அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

1961-இல் வெளிவந்த முதல் கப் கேடட், 1963-இல் வந்த ஜான் டீர் 110, அதே காலத்து வீல் ஹார்ஸ், போலன்ஸ், சிம்ப்ளிசிட்டி ஆகிய அமெரிக்க வண்டிகள், புல் வெட்டுவதோடு கலப்பை இழுப்பது, பனி தள்ளுவது போன்ற கடினமான வேலைகளையும் செய்வதற்கென்றே கட்டப்பட்டவை. அவற்றின் சட்டமும் கியர் பெட்டியும் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். வண்டி மூலையில் முடங்குவது பெரும்பாலும் கையளவே உள்ள ஏதோ ஒரு பாகம் கிடைக்காததால்தான்.

இன்ஜினைப் பொறுத்தவரை நிலைமை மோசமில்லை. கோலர் நிறுவனத்தின் கே வரிசை ஒற்றை சிலிண்டர் இன்ஜின் மேற்சொன்ன வண்டிகளில் பலவற்றில் பொருத்தப்பட்டிருந்ததால், அதற்குரிய பிஸ்டன், ரிங், கேஸ்கட், பாயின்ட் செட் ஆகியவற்றைப் பலர் இன்றும் செய்து விற்கிறார்கள். பேரிங்குகளுக்கும் பெரும்பாலும் கவலையில்லை. பழைய பேரிங்கின் பக்கவாட்டில் 6205 என்று பொறித்திருந்தால், உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15 என்பது உலகம் முழுவதும் ஒன்றே. டிராக்டர் நிறுவனத்தின் பெயர் சொல்லித் தேட வேண்டிய தேவையே இல்லை.

ஒரே நிறுவனம் தன் ஒரே வண்டிக்காகச் செய்த பாகங்களில்தான் உண்மையான திண்டாட்டம். பழைய வீல் ஹார்ஸ் வண்டிகளின் ஸ்டீயரிங்கில் விசிறி வடிவத்தில் ஒரு கியர் இருக்கிறது. ஸ்டீயரிங் தண்டின் முனையில் உள்ள சிறிய கியர் இதைத் தள்ளித்தான் முன்சக்கரங்களைத் திருப்புகிறது. வண்டி பெரும்பாலான நேரம் நேராகவே ஓடுவதால், விசிறியின் நடுப்பற்கள் மெலிந்துவிட, ஓரப்பற்கள் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். இந்தத் தேய்ந்த கியரையே மாதிரியாக வைத்து அளவெடுத்து நகல் செய்தால், தேய்மானமும் சேர்ந்தே நகலாகிவிடுகிறது. வாங்கியவர் நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்க இறுக்கினால், முழுவதும் திருப்பும்போது ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும். தளர்த்தினால், நேராக ஓடும்போது வண்டி அலையும். இன்றைய முப்பரிமாண ஸ்கேனர் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், எதிரே இருக்கும் பாகத்தைத்தான் அளக்குமே தவிர, அது புதிதாக இருந்தபோது என்ன அளவில் இருந்தது என்பதை அதனால் சொல்ல முடியாது.

வார்ப்புப் பாகங்களில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது அடிக்கு ஏறத்தாழ எட்டில் ஓர் அங்குலம் சுருங்கும். அலுமினியம் அதைவிடச் சற்று அதிகமாகச் சுருங்கும். வார்ப்பு அச்சுக்கான மாதிரியைச் செய்யும் அனுபவசாலிகள் இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் கொண்டு மாதிரியைப் பெரிதாகச் செய்வார்கள். பழைய பாகத்தையே மணலில் பதித்து வார்த்துவிடும் அவசர நகல்கள் அந்த அளவுக்குச் சிறுத்து வருவதால், போல்ட் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக அமைவதில்லை. கண்ணுக்கு அழகாகத் தெரியும் முன்பக்கக் கிரில்லைச் சட்டத்தில் பொருத்த முயலும்போதுதான் இது தெரியவரும்.

அளவு சரியாக இருந்தாலும் பொருள் மாறினால் பயனில்லை. பெல்ட்டைத் தளர்த்தியும் இறுக்கியுமே கிளட்ச் வேலையை முடிக்கும் வண்டிகளில், பெல்ட் புல்லியின் மேல் வழுக்கிப் பிடிப்பது அன்றாட வேலை. அதற்கென்றே செய்த பெல்ட்டை முதலில் பொருத்தியிருப்பார்கள். நீளமும் அகலமும் பொருந்துகின்றன என்று சாதாரண பெல்ட்டைப் போட்டால், கிளட்சை மிதித்தும் அது புல்லியை விடாமல் பிடித்திருக்கும்; வண்டி தானாக நகரும். புல் வெட்டும் பிளேடில் இந்த அலட்சியம் ஆபத்தாகவே முடியும். பிளேடின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடி வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தரவிதி வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பை நெருங்கிச் சுழலும் இரும்பு எந்த வகை எஃகு, எப்படிக் கடினப்படுத்தப்பட்டது என்பதைச் சொல்லாமல் விற்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

நகல் செய்வோரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்த வண்டிகளில் பல எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். அவர்கள் ஊகித்துச் செய்வதற்குக் காரணம், சரியான அளவுகள் அவர்கள் கையில் இல்லாததுதான். பழைய கையேடுகளும் பாகப் பட்டியல்களும் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் பட்டியலில் உள்ள பிரித்துக் காட்டும் படத்தில் பாகத்தின் எண் இருக்குமே ஒழிய, அதன் விட்டமோ, பற்களின் கோணமோ, உலோகமோ, கடினத்தன்மையோ, எவ்வளவு வேறுபாட்டை ஏற்கலாம் என்பதோ இருக்காது. அந்த விவரங்கள் அனைத்தும் நிறுவனத்தின் தொழில்நுட்ப வரைபடத்தில்தான் இருக்கின்றன. ஆகவே, ஒரு பாகத்தை இனிச் செய்யப்போவதில்லை என்று முடிவெடுக்கும் நிறுவனம், அந்தப் பாகத்தின் வரைபடத்தை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதனால் நிறுவனம் இழக்கப்போவது மிகக் குறைவு. 1960-களில் பெற்ற காப்புரிமைகள் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தேய்ந்த பாகத்தை மாற்றுவது பழுதுபார்ப்புதான், காப்புரிமை மீறல் ஆகாது என்று, கார் மேற்கூரைத் துணி தொடர்பான ஆரோ வழக்கில் 1961-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரைபடத்தின் பதிப்புரிமையைக் காட்டி, மாற்றுப் புகைக்குழாய் செய்பவரைத் தடுக்க முடியாது என்று 1986-இல் பிரிட்டிஷ் லேலண்ட் வழக்கில் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கூறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய வடிவமைப்புச் சட்டங்களும், பழைய தோற்றத்தை மீட்கும் பழுதுபார்ப்புப் பாகங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் எப்போதும் போல் அதற்கே உரியவை. நகல் பாகத்தின் மீது அவற்றைப் பொறிப்பதை நானும் எதிர்க்கிறேன். நகல் உடைந்து விபத்து நேர்ந்தால் பழி தங்கள் மீது விழுமோ என்று நிறுவனங்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. செய்பவரே பொறுப்பு என்று தெளிவாக எழுதி வெளியிடலாம். செய்பவரும் தன் அடையாளத்தையும் உலோகத்தின் வகையையும் பாகத்தோடு தர வேண்டும்.

தாமதிக்கவும் நேரமில்லை. வீல் ஹார்ஸ் 1974-இல் அமெரிக்கன் மோட்டார்ஸிடமும், 1986-இல் டோரோவிடமும் சென்றது. கப் கேடட்டை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1981-இல் எம்டிடி-க்கு விற்றது. அந்த எம்டிடி 2021-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வசமானது. இப்படி ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய காகிதங்களும் பாகங்களை வடிக்கும் அச்சுகளும் குப்பைக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது. வரைபடங்களைத் தாங்களே பராமரித்து வெளியிட விரும்பாத நிறுவனங்கள், அவற்றை ஓர் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கலாம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் நிறுவன ஆவணங்கள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் பாதுகாக்கப்படுவது இதற்கு நல்ல முன்மாதிரி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியிட இயலாது என்றால், ஸ்டீயரிங், பிரேக், பிளேடு ஆகியவற்றின் வரைபடங்களையாவது முதலில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்