கட்சிப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டு

கேரி, வட கரோலினா

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கார்த்தி வக்கீலாகப் பதிவு செய்துவிட்டான் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன்னிடமே ஜூனியராக இருக்கப்போகிறானா? வேறு சீனியரிடம் சில வருடம் விட்டுப் பார், அதுதான் அவனுக்கு நல்லது. கமலாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் நடக்கப் போகிறாள்.

நீதிபதிக்கும் ஓட்டுப் போடுகிறீர்களாமே, அது எப்படிச் சரியாக வரும் என்று கேட்டிருந்தாய். இந்த மாநிலத்தில் 1868-ஆம் வருட அரசியல் சாசனத்திலிருந்து அதுதான் வழக்கம். உச்ச நீதிமன்றத்தில் 7 பேர், அதற்குக் கீழே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 15 பேர். பதவிக்காலம் 8 வருடம். பிறகு மறுபடி மக்களிடம் வர வேண்டும்.

ஓட்டுப் போடுவதில் எனக்கு வருத்தமில்லை. நல்லபடியாக நடந்துகொண்டிருந்ததைக் கலைத்துவிட்டார்களே என்பதுதான் வருத்தம். 2004-லிருந்து இந்த இரண்டு நீதிமன்றத் தேர்தல்களிலும் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. ஆள் பெயர் மட்டும்தான். வேட்பாளர்களைப் பற்றிய கையேடு ஒன்றைத் தேர்தல் வாரியம் வீடு வீடாகத் தபாலில் அனுப்பியது. எல்லாவற்றையும்விட முக்கியமானது பணம். குறைந்தது 350 வாக்காளர்களிடம் ஆளுக்கு 10 முதல் 500 டாலர் வரை நன்கொடை வாங்கிக் காட்டி, செலவு வரம்புக்கும் ஒப்புக்கொண்டால், பொதுத்தேர்தல் பிரச்சாரச் செலவுக்கு அரசு நிதியிலிருந்தே பணம் வரும். அந்த நிதி எங்கிருந்து வந்தது தெரியுமா? வருமான வரிப் படிவத்தில் விருப்பப்பட்டவர்கள் ஒதுக்கிய 3 டாலர், அப்புறம் வக்கீல்கள் ஒவ்வொருவரும் வருடத்துக்குக் கட்டிய 50 டாலர். நாளை தன் முன்னால் வாதாடப்போகிற வக்கீலிடமே நீதிபதி கையேந்த வேண்டிய நிலைமையை அது பெருமளவு குறைத்தது. நீ வக்கீல், இதன் அருமை என்னைவிட உனக்கு நன்றாகப் புரியும்.

2013-இல் சட்டமன்றம் அந்த நிதியை ரத்து செய்தது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தேர்தலிலும், 2018-இல் உச்ச நீதிமன்றத் தேர்தலிலும் கட்சிப் பெயர்கள் வாக்குச்சீட்டுக்குத் திரும்பின.

திரும்பக் கொண்டுவந்தவர்கள் சொன்ன காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கட்சிப் பெயர் இல்லாதபோது பலர் நீதிபதிகள் பகுதியை நிரப்பாமலே விட்டுவிட்டுப் போனார்கள். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஒரே இடத்துக்கு 19 பேர் போட்டியிட்டார்கள். ஜெயித்த ஜான் டைசன் வாங்கியது நாலில் ஒரு பங்கு ஓட்டுக்கும் குறைவு. கட்சியாவது தெரிந்தால் வாக்காளருக்கு ஒரு பிடி கிடைக்கும் என்கிறார்கள். எனக்கு அது ஏற்கவில்லை. ஆளைப் பற்றி மக்களுக்குத் தெரியவில்லை என்றால் தெரிய வைக்க வழி தேட வேண்டும். கேஸ் நடத்த வருகிறவன், நீதிபதி எந்தக் கட்சி என்று விசாரித்துக்கொண்டு வரும்படி ஆகக் கூடாது.

2024-இல் நடந்ததைப் பார். உச்ச நீதிமன்ற இடத்துக்கு நடந்த போட்டியில் ஜனநாயகக் கட்சியின் அலிசன் ரிக்ஸ், குடியரசுக் கட்சியின் ஜெஃபர்சன் கிரிஃபினை வெறும் 734 ஓட்டில் முந்தினார். பதிவான ஓட்டு 55 லட்சத்துக்கும் மேல். மறு எண்ணிக்கைக்குப் பிறகும் ஒப்புக்கொள்ளாமல், 60,000-க்கும் மேற்பட்ட ஓட்டுகள் செல்லாது என்று கிரிஃபின் வழக்குப் போட்டார். அவரே மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. வழக்கு போய் நின்றதும் அதே நீதிமன்றத்தில்தான். அவர் ஒதுங்கிக்கொண்டார், சரி. ஆனால் விசாரித்த 3 பேர் 2-க்கு 1 என்று கட்சி வாரியாகவே பிரிந்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்ன இருவரில் ஒருவர் அதே ஜான் டைசன். அவர்கள் சட்டத்தை மட்டுமே பார்த்து முடிவு செய்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் இங்கே யார் நம்பினார்கள்? வாக்குச்சீட்டிலேயே கட்சியை அச்சடித்துக் கொடுத்த பிறகு எப்படி நம்புவார்கள்? கடைசியில் 2025 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் ரிக்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்ன பிறகுதான் கிரிஃபின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆறு மாதம், சேகர்! எங்கள் தெருவில் அதுவரை நீதிமன்றத்தைப் பற்றிப் பேசியே இராதவர்கள்கூட தங்கள் ஓட்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பொது நிதி மட்டுமாவது திரும்ப வர வேண்டும் என்று இங்குள்ள சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதப்போகிறேன். அதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீதிபதி யாருக்கும் கடன்படாமல் இருக்க வக்கீல்கள் ஆளுக்கு வருடம் ஒரு தொகை கட்ட வேண்டும் என்று உங்கள் வக்கீல் சங்கத்தில் யாராவது சொன்னால் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்? விசாரித்து எழுது. கார்த்தியிடமும் கேள்.

அன்புடன்,
ராஜா