கத்தரிக்கோல்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? சரி, இனி உனக்கு உட்கார நேரமிருக்காது.

கடைசி வரியில், "எடைக்கு மருந்து ஒன்றுதான், வாயைக் கட்டு" என்று எழுதியிருந்தாய். கோபமில்லை. இருபது வருஷமாக நானும் எனக்கு அதைத்தான் சொல்லிவந்தேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தவன் பதினொன்றரைக்கு எழுந்து சமையலறைக்குப் போனேன். விளக்கைப் போடவில்லை. கிழித்தால் சத்தம் கேட்குமே என்று சிப்ஸ் பாக்கெட்டின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டினேன். பசியே இல்லை. பாதிக்கு மேல் ருசியும் தெரியவில்லை. காலிப் பாக்கெட்டை மடித்துக் குப்பைக்கூடையில் பழைய செய்தித்தாளுக்கு அடியில் செருகும்போதுதான் உறைத்தது: அப்பா பாட்டிலை ஒளித்துவைத்ததும் இப்படித்தான்.

டாக்டரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு கேள்வித்தாளை நீட்டினார். ஒருவர் சாப்பாட்டுக்கு அடிமையாகிவிட்டாரா என்று பார்க்க, 2009-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உருவானதாம். விட நினைத்தும் முடியாமல் போனதா, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்கிறீர்களா என்று, குடிநோயாளியிடம் கேட்கிற மாதிரியே கேள்விகள். இந்த உணவு அடிமைத்தனத்தை நோய் என்று சொல்லலாமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை. மனநல மருத்துவர்கள் பார்க்கிற டி.எஸ்.எம். என்ற நோய்ப் பட்டியலிலும் ஏறவில்லை. உடல் பருமன் உள்ள எல்லோருக்கும் இது கிடையாது, ஒல்லியானவர்களுக்கும் இருக்கலாம் என்றார். எடை கூட மரபணு, தூக்கம், சில மருந்துகள் என்று வேறு வழிகளும் உண்டே.

இன்னொன்றும் சொன்னார். அமெரிக்காவில் 20 பேரை ஒரு மாதம் தங்கவைத்துப் பார்த்த ஆய்வு, 2019-இல் வந்தது. இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, வேண்டியமட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு தின்ற நாட்களில் தினம் 500 கலோரிபோல அதிகம் உள்ளே போயிருக்கிறது. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி தளர்ந்துவிட்டதா, சொல்?

எடை இன்னும் இறங்கவில்லை. பாக்கெட் எதுவும் இப்போது வீட்டுக்குள் வருவதில்லை, அவ்வளவுதான். அப்புறம், வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "காலையில் கத்தரிக்கோல் அடுப்பு மேடையில் கிடந்தால் தெரியாதா?" என்றாள்.

வரும்போது வெறுங்கையோடு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்