பயிற்சிக்குப் பணம் வாங்கிவிட்டுப் பயிற்சி தராதது குறித்துப் புகார்

பெறுநர்: கிளை மேலாளர், கோவை

ஐயா,

வணக்கம். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். திருப்பூரில் உள்ள எங்கள் வரி ஆலோசனை அலுவலகத்துக்குப் புது கம்ப்யூட்டர்களும் விண்டோஸ் 11-ம் போட்டுக் கொடுத்தது நீங்கள்தான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, உங்கள் பழைய மெஷின்களில் விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப் இல்லை, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார் உங்கள் விற்பனையாளர். சரி என்று மாற்றினோம். அதில் எனக்கு வருத்தமில்லை. "ஊழியர்களுக்கு நேரில் பயிற்சி" என்று பில்லில் தனி வரி போட்டுப் பணம் வாங்கினீர்களே, அந்தப் பயிற்சி எங்கே?

வந்தவர் வைஃபையை இணைத்தார், பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்துக் காட்டினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் கணக்காளர் அம்மா எக்ஸ்பி காலத்திலிருந்து திரையின் இடது மூலையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பழகியவர். இப்போது அங்கே அழுத்தினால் வானிலையும் சினிமாச் செய்தியும் திறந்துகொள்கின்றன. ஒவ்வொரு தடவையும் பதறிப்போய் மூடுகிறார். டாஸ்க்பார் செட்டிங்கில் 'லெஃப்ட்' என்று மாற்றினால் ஸ்டார்ட் பழைய இடத்துக்கே வந்துவிடும். இதை எங்களுக்குச் சொன்னது பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன். ரைட் கிளிக்கில் வரும் பழைய மெனு 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் இருக்கிறது என்று காட்டியதும் அவன்தான். பணம் வாங்கியவர்கள் நீங்கள்!

டெஸ்க்டாப்பில் இருந்த கிளையண்ட் ஃபைல்கள் மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குப் போய், இலவச 5 ஜிபி நிரம்பி அப்படியே நின்றது. ஃபைலெல்லாம் போய்விட்டது என்று அந்த அம்மா அழாத குறைதான். உடனே உங்கள் சர்வீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டோம். எடுத்தவர் கேட்டது இதுதான்: "உங்க ஆபீஸ்ல படிச்சவங்க யாருமே இல்லையா மேடம்?" ஸ்பீக்கரில் இருந்தது. அந்த அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஜிஎஸ்டி வந்த 2017-லிருந்து ஒரு ரிட்டர்ன் தவறவிடாதவர் அவர். அன்று மதியம் சாப்பிடவே இல்லை. அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும், தயவுசெய்து போட்டுக் கேளுங்கள்.

இதற்கு முன்பே நடந்த இன்னொன்று. டிஎஸ்சி டோக்கனை, அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி கருவியை, புது மெஷின் எடுக்கவில்லை. நேரில் கொண்டுவாருங்கள் என்றீர்கள். சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கோவை வந்தேன். "அதைப் பார்க்கிறவர் இன்று லீவு" என்றார்கள். போனிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? கம்பெனி கிளையண்டுகளுக்கு டிஎஸ்சி இல்லாமல் ரிட்டர்ன் போட முடியாது. மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி-க்குக் கடைசி நாள் 20-ம் தேதி, அது தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி வேறு. அதைவிட, இத்தனை வருஷமாகச் சேர்த்த பெயர் ஒரே மாதத்தில் மண்ணாய்ப் போய்விட்டது. கிளையண்டுகள் முகத்தில் விழிக்க முடியவில்லை.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை ஐயா. உங்களிடம் விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் இன்னும் நம்புகிறேன். அப்படி ஒருவரை அனுப்புங்கள். ஒரு முழு நாள் எங்கள் ஊழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் தினமும் செய்கிற வேலையை வைத்தே சொல்லித் தரட்டும். டோக்கனையும் ஒன்டிரைவையும் சரிசெய்யட்டும். முடியாது என்றால் பயிற்சிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

20-ம் தேதிக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். தொழிலுக்கு வாங்கியது, வழக்கு நிற்காது என்று உங்கள் ஆட்கள் சொல்லலாம். இது என் சொந்தப் பிழைப்புக்காக நடத்தும் அலுவலகம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது.

போனில் அப்படிப் பேசியவர் கணக்காளர் அம்மாவிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். அதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

பில் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருப்பூர்